செம்பில் களிம்பு: ஸ்கேல் மாடல்களில் பழைய செம்புத் தோற்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்புக் கூரை, சிலை, பாய்மரக் கப்பலின் அடிப்பகுதி, நீராவிக் குழாய் என்று ஸ்கேல் மாடல்களில் செம்பு வரும் இடங்கள் பல. பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் அந்தச் செம்பைப் பழையதாகக் காட்டும் முறைகளை இங்கே கேள்வி பதிலாகத் தொகுத்திருக்கிறோம். முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டுப் பிறகு தூரிகையை எடுங்கள். பாதிப் பேருக்கு வேலை கெடுவது வண்ணத்தால் இல்லை, பச்சையை வைத்த இடத்தால்தான்.

களிம்பு என்பது என்ன? செம்பு ஏன் இத்தனை நிறம் மாறுகிறது?

புளி போட்டு விளக்கிய செம்புக் குடம் ரோஜாவும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் மின்னும். நாலு நாள் வெளியில் இருந்தால் மங்கிப் பழுப்பாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து செம்பழுப்பு ஆக்சைடாகப் படிகிறது. அது தடிக்கத் தடிக்கக் காப்பிக்கொட்டை நிறத்துக்கும், கந்தகம் கலந்த காற்றானால் கிட்டத்தட்டக் கறுப்புக்கும் போகும். பச்சை வருவது இதற்குப் பிறகுதான். மழைநீரும் காற்றிலுள்ள கந்தக அமிலமும் சேரும்போது புரோக்கன்டைட் என்ற பச்சை உப்பு உண்டாகிறது. கடலோரமானால் உப்புக் காற்றால் அடகமைட் என்ற இன்னொரு பச்சையும் சேரும். தொழிற்சாலை நகரத்திலும் கடற்கரையிலும் கூரைச் செம்பு சில பத்தாண்டுகளுக்குள் பச்சையாகிவிடும். வறண்ட ஊரில் அதே செம்பு பல பத்தாண்டுகள் பழுப்பாகவே நிற்கும்.

ஆணவ மலம் உயிரோடு ஒட்டியிருப்பதைச் சொல்ல 'செம்பில் களிம்பு போல' என்பது சைவ சித்தாந்தம் எடுத்தாளும் உவமை. மேலே வந்து ஒட்டிய அழுக்காக இல்லாமல் உலோகத்தோடு பிறந்ததாகக் களிம்பைப் பார்க்கும் பார்வை அது. மாடல் வண்ணத்துக்கும் அதே பார்வைதான் உதவும். ஆரஞ்சுச் செம்பின்மேல் நேராகப் பச்சையைப் போட்டால் பெயின்ட் சிந்தியதுபோல் இருக்கும். நடுவே பழுப்பும் கரும்பழுப்பும் இருந்தால்தான் பச்சை உலோகத்திலிருந்து புறப்பட்டதாகத் தெரியும்.

பச்சையைப் பள்ளத்தில் வைப்பதா, மேட்டில் வைப்பதா?

பெரும்பாலான செய்முறைகள் 'பள்ளத்தில் விடு, மேட்டைத் துடை' என்று சொல்லி முடித்துவிடும். அது பாதி உண்மை. பொருள் எங்கே இருந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கை படும் பொருள் ஒரு வகை. கதவுக் கைப்பிடி, கவசம், விளக்கு, எஞ்சின் அறையின் வால்வு, கைப்பிடிக் கம்பி எல்லாம் இதில் சேரும். கையும் துணியும் உரசும் மேடுகள் பளிச்சென்று இருக்கும், எட்டாத மூலைகளிலும் திருகாணி அடியிலும் பச்சை தங்கும். இதற்குப் பள்ளத்தில் பச்சை என்ற விதி சரி.

மழையில் நிற்கும் பொருள் இன்னொரு வகை. கூரை, குவிமாடம், சிலை இதில் அடங்கும். இங்கே விதி தலைகீழ். வானத்தைப் பார்த்த சரிவுகள், தோள், தலை, மடிப்பின் மேல்முகம் என மழை நேரடியாகக் கழுவும் இடங்கள் வெளிர் பச்சையாகும். மழை எட்டாத அடிப்பக்கங்கள், தாடைக்குக் கீழ், அக்குள், கூரை விளிம்பின் உட்புறம் எல்லாம் கறுத்துக் கிடக்கும். செங்குத்துச் சுவரில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுவதால் அங்கே பச்சை தாமதமாக வரும். வெளியில் நிற்கும் பழைய வெண்கலச் சிலை ஒன்றின் முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நெற்றியும் மூக்கின் மேற்பகுதியும் வெளுத்த பச்சை, கண்குழியும் மோவாயின் அடியும் கறுப்பு, நடுவே கன்னத்தில் தண்ணீர் வழிந்த கோடுகள். அந்த ஒரு முகத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் எந்தக் கூரைக்கும் வண்ணம் அடித்துவிடலாம்.

எந்த வகை என்று குழப்பமாக இருந்தால் மாடலை ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, மேலிருந்து ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர் அடியுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே சொட்டுகிறது என்று பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைக்கான வரைபடம் அதுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்?

செம்பு நிறம் ஒன்று, அடர்பழுப்பு ஒன்று, கறுப்பு, வெள்ளை, டர்க்காய்ஸ், காவி மஞ்சள். இவை அக்ரிலிக்காக இருக்கட்டும். எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் ஒரு சிறு டியூப், அதைக் கரைக்க மணமில்லாத ஒயிட் ஸ்பிரிட். மேட் மீடியம் (பளபளப்பில்லாமல் காயும், நிறமில்லாத அக்ரிலிக் பசை) ஒரு பாட்டில். பளபளப்பு, சாட்டின் (அரைப் பளபளப்பு), மேட் (பளபளப்பே இல்லாதது) என மூன்று வார்னிஷ். 0, 1, 4 எண் தூரிகைகள், மேக்கப் ஸ்பாஞ்ச், காது குடையும் பஞ்சுக்குச்சி, 1000, 1500 எண் உப்புத்தாள். சாக் பேஸ்டல் குச்சியில் வெளிர்பச்சை, வெள்ளை, பழுப்பு மூன்றும் இருந்தால் உப்புத்தாளில் உரசித் தூளாக்கிக்கொள்ளலாம். விலை கூடிய பிக்மென்ட் டப்பாக்கள் இல்லாமலேயே வேலை நடக்கும்.

எந்தச் செம்பு நிறம் நல்லது?

தமியா எக்ஸ்எஃப்-6, ஹம்ப்ரால் 12, மிஸ்டர் கலர் 10, வல்லேஹோ மெட்டல் கலர் வரிசையின் செம்பு, அல்கிளாட் செம்பு எல்லாமே பயன்படும். எந்த நிறுவனம் என்பதைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் மினுக்குத் துகளின் அளவு. 1/350 (நிஜத்தில் 350-ல் ஒரு பங்கு அளவு) கப்பலில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மினுக்கும் நிஜத்தில் ஒரு தட்டளவு பெரிதாகிவிடும். சிறிய ஸ்கேலுக்குத் துகள் மிக நுண்ணிதாக அரைத்த, ஏர்பிரஷுக்கான (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) வகை வேண்டும். 1/35, 75 மி.மீ. உருவங்களுக்குச் சாதாரணத் தூரிகை வகையே போதும்.

கைவினைக் கடையில் கிடைக்கும் மெட்டாலிக் அக்ரிலிக் வண்ணமும் பரவாயில்லை. ஆனால் அதில் துகள் பெரிது. 1/24, 1/16 போன்ற பெரிய மாடல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உலோகப் பொடியை நேரடியாகக் கலந்து செய்யும் பெயின்டுகள் சில வருடத்தில் தாமாகவே கறுக்கும். அவற்றைப் பயன்படுத்தினால் மேலே வார்னிஷ் போடாமல் விடாதீர்கள்.

அடிப்பூச்சு என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?

முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் பாகங்களைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் ரெசினில் நிச்சயம் இருக்கும், அதன்மேல் எதுவும் பிடிக்காது.

அல்கிளாட் போன்ற லாக்கர் (வீரியமான கரைப்பானில் கரைத்த, வேகமாக உலரும் வண்ணம்) வகைச் செம்புக்குப் பளபளக்கும் கறுப்பு அடிப்பூச்சு. தூசி, கீறல் எதுவும் இல்லாமல் கண்ணாடிபோல் இருக்க வேண்டும், மெட்டாலிக் பூச்சு அடியிலுள்ள ஒவ்வொரு குறையையும் இரட்டிப்பாக்கிக் காட்டும். நீர்வழி அக்ரிலிக் செம்பைத் தூரிகையால் போடுவதானால் கறுப்பைவிடச் செம்பழுப்பு அடிப்பூச்சு நல்லது. செம்பு வண்ணம் மெல்லியது, கறுப்பை மறைக்க நாலைந்து பூச்சு தேவைப்பட்டு விவரங்கள் அடைபட்டுப்போகும். செம்பழுப்பின்மேல் இரண்டே பூச்சில் மூடிவிடும். விட்டுப்போன மூலையும் ஆக்சைடு நிறத்திலேயே இருப்பதால் குறையாகத் தெரியாது.

செம்பை எப்படி அடிப்பது? ஏர்பிரஷ் இல்லாவிட்டால்?

ஏர்பிரஷில் 0.3 மி.மீ. நாசில், 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், 5 முதல் 8 செ.மீ. தூரம். தமியா வண்ணத்தை அதன் தின்னரோடு சம அளவு கலந்து, நனையாத மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடம். தூரம் கூடினால் துகள்கள் காற்றிலேயே உலர்ந்து சொரசொரப்பாக விழும், அழுத்தம் கூடினாலும் அப்படித்தான்.

தூரிகையில் போடுவதானால் வல்லேஹோ போன்ற நீர்வழி வகையை எடுங்கள். தமியா அக்ரிலிக் தூரிகைக்கு ஒத்துவராது. இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். 4 எண் மெல்லிய தூரிகையில், பால் பதத்துக்கு நீர்த்து, ஒரே திசையில் இழுங்கள். துகள்கள் தூரிகை போன வழியில் படுத்துக்கொள்ளும். ஆகவே கூரையில் உச்சியிலிருந்து விளிம்பு நோக்கி, சிலையில் மேலிருந்து கீழ். போட்ட இடத்துக்கு ஈரம் காயும் முன் திரும்பிப் போகாதீர்கள்.

அடுத்த நாள், அதே செம்பில் ஐந்தில் ஒரு பங்கு அடர்பழுப்பு கலந்து சில தகடுகளுக்கு மட்டும், வேறு சிலவற்றுக்குத் துளி வெள்ளி கலந்து. நிஜக் கூரை ஒரே நாளில் வந்த ஒரே தகடால் ஆனதில்லை. பத்துத் தகட்டில் இரண்டு மூன்று வேறு சாயலில் இருந்தால் கண் உடனே நம்பும்.

பழுப்பு நிலைக்கு என்ன செய்வது?

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பலர் இதை ஒரே வாஷில் (மிக நீர்த்த வண்ணப் பூச்சில்) முடித்துவிட்டுப் பச்சைக்குத் தாவுகிறார்கள்.

செம்பு 24 மணி நேரம் காய்ந்தபின் பளபளப்பு அல்லது சாட்டின் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு. இது இல்லாமல் மேலே வாஷ் விட்டால் மினுக்குத் துகள்கள் பெயர்ந்து வாஷில் மிதந்து, பள்ளத்தில் போய்ச் செம்பு மணலாகப் படியும். வார்னிஷும் ஒரு நாள் காயட்டும்.

பிறகு பர்ன்ட் அம்பர் எண்ணெய் வண்ணம். டியூபிலிருந்து பட்டாணி அளவு எடுத்து அட்டைத்துண்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் பளபளப்பில்லாமல் காயும். அதை எட்டு மடங்கு ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து முழுவதும் பூசுங்கள். இருபது நிமிடம் விட்டு, பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுப் பிழிந்து, மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் மேகம்போல் திட்டுகள் விழும். நிழற்பகுதிகளுக்குச் சிறிது கறுப்பு கலந்து இரண்டாம் முறை.

இப்போது மாடலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்த செம்புப் பாத்திரம்போல் இருக்க வேண்டும்: இருண்ட பழுப்பு, ஒளி படும் கோணத்தில் மட்டும் அடியிலிருந்து செம்மை எட்டிப்பார்க்கும். புதுச் செம்பு இன்னும் கண்ணில் அடித்தால் இன்னொரு சுற்றுப் போடுங்கள். எஞ்சின் அறைப் பொருட்களுக்கு இத்தோடு நிறுத்திவிடலாம், பச்சை தேவையே இல்லை.

பச்சைக் கலவைக்கு அளவு சொல்ல முடியுமா?

நாங்கள் பயன்படுத்தும் அடிப்படைக் கலவை: வெள்ளை 4 துளி, டர்க்காய்ஸ் 2 துளி, காவி மஞ்சள் 1 துளி, மேட் மீடியம் 6 துளி, தண்ணீர் 20 துளி. காவி மஞ்சளை விட்டுவிடாதீர்கள். டர்க்காய்ஸின் மிட்டாய்ப் பளிச்சை அடக்கி மண் வாடை சேர்ப்பது அதுதான். மேட் மீடியமும் அவசியம். வெறும் தண்ணீரில் இவ்வளவு நீர்த்தால் வண்ணத்தைப் பிடித்து வைக்கும் பசை குறைந்து, காய்ந்ததும் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும்.

இதிலிருந்து இரண்டு கிளைக் கலவைகள். இளசான, ஈரக் களிம்புக்கு டர்க்காய்ஸ் ஒரு துளி கூட்டி, வெள்ளையை ஒன்று குறையுங்கள். வெயிலில் வெளுத்த பழைய களிம்புக்கு வெள்ளையை 7 துளியாக்கி, சாம்பல் நிறம் ஒரு துளி. கடலோரப் பொருளுக்குக் கொஞ்சம் பச்சை பக்கமாகத் தள்ளுங்கள். பாட்டில் பச்சை வகை வண்ணங்கள் வீரியம் மிக்கவை, துளிக் கணக்கில் போடாமல் ஊசிமுனையில் தொட்டுச் சேருங்கள்.

படிப்படியாகப் பச்சை போடும் முறை?

1/35 டயோரமாவில் (மாடல்களை வைத்து அமைக்கும் சிறு காட்சியில்) வரும் ஒரு ஐரோப்பியத் தேவாலயக் கோபுரக் கூரையை எடுத்துக்கொள்வோம். தகடுகள் சேருமிடத்தில் மடிப்பு வரம்புகள் உச்சியிலிருந்து இறங்கும், கீழே கல் விளிம்பு. மழையில் நிற்கும் வகை.

பழுப்பு நிலை முடிந்து, மேலே சாட்டின் வார்னிஷ் போட்டுக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று: அடிப்படைக் கலவையை இன்னும் பத்துத் துளித் தண்ணீரில் நீர்த்து, சரிவுகள் முழுக்க மெல்லிய திரையாக. இது காய்ந்தால் 'பச்சையா, இல்லையா' என்று சந்தேகம் வரும் அளவில்தான் தெரிய வேண்டும். வரம்புகளின் மறைவுப் பக்கத்தையும் விளிம்பின் அடியையும் தொடாதீர்கள்.

இரண்டாம் சுற்று: மேக்கப் ஸ்பாஞ்சைக் கத்தியால் வெட்டாமல் விரலால் பிய்த்தெடுங்கள், ஓரம் ஒழுங்கற்று இருக்கும். மேலும் நீர்க்காத அடிப்படைக் கலவையில் தொட்டு, தாளில் ஒற்றி, ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையில் மேற்சரிவுகளில் தட்டுங்கள். உச்சிக்கருகே அடர்த்தி, கீழே போகப்போக இடைவெளி.

மூன்றாம் சுற்று: 0 எண் தூரிகையில் வெளுத்த கலவை. ஒவ்வொரு வரம்பின் அடியிலிருந்தும் ஆணித் தலையிலிருந்தும் கீழ்நோக்கி ஒரு கோடு. மேலே அழுத்தி ஆரம்பித்து, தூக்கிக்கொண்டே இறக்கி, முடியும் இடம் தெரியாமல் விடுங்கள். எல்லாக் கோடும் ஒரே நீளத்தில் இருந்தால் சீப்பு இழுத்ததுபோலாகும். காயும் முன் ஈரத் தூரிகையால் ஒரு ஓரத்தை மட்டும் கரைத்துவிடுங்கள்.

நான்காவது, கூரையை விட்டுக் கல்லுக்கு வாருங்கள். செம்பிலிருந்து வழியும் மழைநீர் அடியிலுள்ள வெளிர்க் கல்லில் பச்சைக் கறை விடும். மிக நீர்த்த கலவையில் கூரை விளிம்பு சொட்டும் இடங்களுக்கு நேர்கீழே மூன்று நான்கு கோடுகள். கூரையும் கட்டடமும் ஒரே மழையில் நனைந்தவை என்று காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. பெரும்பாலான டயோரமாக்களில் விடுபடுவதும் இதுதான்.

கடைசியாக, பேஸ்டல் தூளை உலர்ந்த தூரிகையில் தொட்டு உச்சிச் சரிவுகளில் தேயுங்கள்.

வாஷ் காய்ந்ததும் ஓரத்தில் வளையம் விழுகிறது. ஏன்?

காப்பி டம்ளர் வைத்த தடம்போல் விழும் அந்த வளையம், நீர் ஓரத்தில் முதலில் உலர்ந்து துகளை அங்கே இழுத்துச் சேர்ப்பதால் வருவது. மேட் பரப்பின்மேல் விட்டாலோ, குட்டையாகத் தேங்க விட்டாலோ வரும். அடியில் சாட்டின் வார்னிஷ் இருக்கட்டும். வாஷ் விட்ட அரை நிமிடத்தில் ஈரம் பிழிந்த சுத்தமான தூரிகையால் தேங்கியதை உறிஞ்சுங்கள். விழுந்துவிட்டால் கவலை வேண்டாம், தண்ணீர் தேங்கும் கிடைப்பரப்பில் ஒன்றிரண்டு வளையம் இயல்பானதே. மற்ற இடத்தில் பழுப்புக் கலவையை ஸ்பாஞ்சால் தட்டி உடைத்துவிடுங்கள்.

என் களிம்பு பற்பசை பூசியதுபோல் இருக்கிறதே?

காவி மஞ்சள் இல்லாத வெறும் டர்க்காய்ஸ், கெட்டியாகப் போட்டது, எங்கும் ஒரே நிறம்: இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். கழற்ற வேண்டியதில்லை. பர்ன்ட் அம்பரைப் பதினைந்து மடங்கு ஸ்பிரிட்டில் கரைத்து மேலே ஒரு திரை, பத்து நிமிடத்தில் பாதியைத் துடையுங்கள். பிறகு கரும்பழுப்பை ஸ்பாஞ்சால் நிழற்பகுதிகளில் தட்டி, பச்சையின் ஓரங்களைத் தின்ன விடுங்கள். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே கூர்மையான எல்லை எங்கும் இருக்கக் கூடாது.

சிட்டடெல் நிஹிலாக் ஆக்சைடு போன்ற ரெடிமேட் திரவம் போதாதா?

போர் விளையாட்டு உருவங்களுக்குப் போதும். கை படும் வகைப் பொருளுக்குப் பள்ளத்தில் விட்டு மேட்டைத் துடைத்தால் பத்து நிமிட வேலை. கூரைக்கும் சிலைக்கும் அது மட்டும் போதாது, ஒரே சாயல் என்பதால் நாடக செட் போலாகிவிடும். இரண்டாம் சுற்றில் ஒரு பகுதியாக, நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

நியூயார்க் சுதந்திர தேவி சிலையை எப்படி வண்ணமடிப்பது?

எந்த வருடத்துச் சிலை என்று முதலில் தீர்மானியுங்கள். 1886-ல் திறக்கப்பட்டபோது அது செம்பு நிறம். சில ஆண்டுகளில் பழுப்பாகி, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சை படர்ந்தது. ஆகவே 1890-களின் காட்சியில் பச்சைச் சிலையை நிறுத்தினால் தவறு. தோல் 2.4 மி.மீ. தடிமனுள்ள செம்புத் தகடுதான், உள்ளே ஈஃபில் வடிவமைத்த இரும்புச் சட்டகம்.

இன்றைய சிலைக்கு விதிவிலக்காக மெட்டாலிக் வண்ணமே வேண்டாம். களிம்பு முழுவதும் மூடிவிட்டதால் எங்கும் உலோக மினுக்கு தெரியாது. கரும்பழுப்பு அடிப்பூச்சின்மேல் அடிப்படைக் கலவை, மேல்முகங்களில் வெளுத்த கலவை, அங்கியின் மடிப்புகளுக்குள்ளும் கையின் அடியிலும் பழுப்பை அப்படியே விட்டுவிடுங்கள். 1980-களின் சீரமைப்பில் பழைய பகுதிகளுக்கு நிறம் பொருந்த வேண்டும் என்று பெல் ஆய்வகக் கட்டடத்தின் கூரையிலிருந்து ஏற்கெனவே களிம்பேறிய செம்பை எடுத்துப் பயன்படுத்தினார்கள். புதுச் செம்பில் அந்த நிறத்தை உடனே வரவழைப்பது அவ்வளவு கடினம். தீப்பந்தத்தின் சுடர் மட்டும் 1986 முதல் தங்க ரேக்கு பதித்தது.

பாய்மரக் கப்பலின் அடிப்பகுதி பச்சையாக இருக்குமா?

இந்தத் தவறுதான் கண்காட்சிகளில் அதிகம் தென்படுகிறது. கூரைக் களிம்பைக் கப்பலுக்கு அப்படியே போடக் கூடாது.

பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் எச்எம்எஸ் அலார்ம் கப்பலில் செம்புத் தகடு அடித்துப் பரிசோதித்தது, எச்எம்எஸ் விக்டரி போர்க்கப்பலுக்கு 1780-ல் அடித்தார்கள். கப்பல் புழுவும் பாசியும் அண்டாததற்குக் காரணம், செம்பு கடல்நீரில் ஓயாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான். 1824-ல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இரும்பும் துத்தநாகமும் இணைத்துச் செம்பின் அரிப்பைத் தடுத்தார். அரிப்பு நின்றது, ஆனால் கரைவதும் நின்றதால் சிப்பிகள் மொய்த்துக்கொண்டன. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் தகடு இப்படிக் கரைந்து தேய்ந்துகொண்டே இருப்பதால், நீருக்கடியில் மங்கிய பழுப்பும் இளஞ்சிவப்புப் பழுப்பும்தான். பச்சை, நீரும் காற்றும் மாறி மாறிப் படும் நீர்மட்டக் கோட்டையொட்டிய பட்டையில்.

அதனால் பழுப்பு நிலையோடு நிறுத்தி, நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்று இரண்டு தகட்டு அகலத்துக்கு மட்டும் நீர்த்த பச்சைத் திரை. தகடுகள் பொதுவாக 4 அடிக்கு 14 அங்குலம். ஹெல்லர் நிறுவனத்தின் 1/100 விக்டரி மாடலில் அது 12.2 மி.மீ. × 3.6 மி.மீ., 1/96-ல் 12.7 × 3.7, 1/64-ல் 19 × 5.6. தகட்டுக்குத் தகடு சாயல் மாற்றும்போது இந்த அளவை மீறாதீர்கள். கிட்டில் ஆணித்தலைகள் பருத்திருந்தால் 1000 எண் உப்புத்தாளில் தேய்த்துத் தாழ்த்துங்கள், இந்த ஸ்கேலில் அவை கண்ணுக்குத் தெரியவே கூடாது.

கட்டி சார்க் கப்பலுக்கும் இதேதானா?

இல்லை. 1869-ல் கட்டிய அந்தப் பிரிட்டிஷ் பாய்மரச் சரக்குக் கப்பலின் உறை மண்ட்ஸ் உலோகம்: 60 சதவீதம் செம்பு, 40 சதவீதம் துத்தநாகம். அதாவது ஒருவகைப் பித்தளை. செம்பு வண்ணம் போட்டால் தவறாகிவிடும். பித்தளை நிறத்தில் மூன்றில் ஒரு பங்கு செம்பு கலந்து ஆரம்பித்து, பழுப்பு வாஷைப் பாதி அளவில் நிறுத்துங்கள்.

நிஜச் செம்பு டேப் ஒட்டி, அதில் நிஜக் களிம்பு வரவழைக்கலாமா?

டேப் ஒட்டுவது நல்ல முறை. வண்ணக் கண்ணாடி வேலைக்கு விற்கும் பின்பசை கொண்ட செம்பு டேப் 1/64 போன்ற பெரிய ஸ்கேல்களுக்குப் பொருந்தும். பின்புறத்திலிருந்து முன்னோக்கி ஒட்டுங்கள், முன்தகடு பின்தகட்டின்மேல் ஏற வேண்டும். பருத்திக் கையுறை போடாவிட்டால் ஒரு வாரத்தில் உங்கள் விரல்ரேகை கரும்பழுப்பாகத் தகட்டில் எழும். முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

நிஜக் களிம்புக்கு 100 மி.லி. வினிகரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஸ்பாஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்து, மூடிய பெட்டியில் ஒரு மூடி அம்மோனியாவோடு ஓரிரவு விட்டால் பச்சையும் நீலமும் பூக்கும். மாடலில் இதைச் செய்யும் முன் தனித் தகட்டில் செய்து பாருங்கள். பூக்கும் உப்பின் படிகங்கள் ஸ்கேலுக்குப் பெரியவை, நீலம் மிகையாக வரும், தொட்டால் உதிரும், அமிலம் டேப்பின் பசைக்குள்ளும் இறங்கும். நாங்கள் டேப்பைத் தானாகவே பழுப்பாக விட்டு, பச்சையை வண்ணத்தால் போடுவதையே பரிந்துரைக்கிறோம்.

அம்மோனியாவையும் வினிகரையும் பிளீச்சிங் திரவம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகாதீர்கள். இரண்டில் எது கலந்தாலும் நச்சுவாயு வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை, கண்ணாடி கட்டாயம்.

நீராவி எஞ்சின் குழாய்களுக்கு?

ஓட்டத்திலுள்ள எஞ்சினின் செம்புக் குழாய் துடைக்கப்படுவது, சூடாவது. சூட்டில் பழுப்பும் மெல்லிய ஊதாச் சாயலும் வரும். பச்சையும் வெண்கறையும் நீராவி கசியும் இணைப்பு நட்டுகளைச் சுற்றி மட்டும். ஊசிமுனையால் ஒரு பொட்டு, அவ்வளவே.

மேல் வார்னிஷ் எது?

முழு மேட் வார்னிஷ் செம்பின் உயிரை எடுத்துவிடும், சாம்பல் பூசியதுபோலாகும். முழுப் பளபளப்பு களிம்பை ஈரமாகக் காட்டும். செம்பு தெரியும் பகுதிக்குச் சாட்டின், பச்சைப் பகுதிக்குத் தூரிகையால் மேட். பேஸ்டல் தூள் போட்ட இடத்தில் வார்னிஷ் பட்டால் தூள் கறுத்து மறையும், ஆகவே தூள் எப்போதும் வார்னிஷுக்குப் பிறகு. கையாளப்படும் மாடலானால் தூளைத் தேவைக்கு இருமடங்கு அடர்த்தியாக வைத்து, ஐசோபுரொப்பைலைத் தூரிகை நுனியால் ஓரத்தில் தொட்டுப் பரவ விடுங்கள். அடியிலுள்ள அக்ரிலிக் வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்கஹால் அதைக் கரைக்கும்.

மழைக்காலத்தில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.

லாக்கரும் ஸ்பிரே டப்பா மேட் வார்னிஷும் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அது பரப்பில் படிந்து வெண்படலமாகும். சென்னை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது சர்வசாதாரணம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஸ்பிரே வேண்டாம், நீர்வழி வார்னிஷைத் தூரிகையால் போடுங்கள். பூத்துவிட்டால் வறண்ட நாளில் அதே வகைப் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு போட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

முழுவதும் கெட்டுவிட்டது. கழற்றி மறுபடி ஆரம்பிக்கலாமா?

அக்ரிலிக் என்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். எனாமலையும் லாக்கரையும் அது முழுதாகக் கழற்றாது. லாக்கர் தின்னரில் மட்டும் பிளாஸ்டிக்கை முக்காதீர்கள், மாடலே கரையும். ஒட்டுகள் தெறிக்கலாம் என்பதால் சிறு பாகங்கள் விழுந்து தொலையாமல் வடிகட்டியில் வைத்து ஊறவையுங்கள். கழற்றியபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் உலரவிட்டுப் பிறகு அடிப்பூச்சு.